அந்திமக் குறிகள்

பிறந்தவர் இறப்பர் என்பதை அறியாதார் இலர். ஆயினும், தம் வீட்டில் ஒருவர் பாயோடு பாயாகக் கிடக்கும்போது அந்தப் பேருண்மை வீட்டாருக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. அவர்களுக்கு வேண்டுவது வேறோர் அறிவு. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகனுக்கு இன்றே சொல்லி அனுப்புவதா, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதா? கடல் கடந்து வாழும் மகள் புறப்பட்டு வரவேண்டுமா? மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? வாயைத் திறந்து கஞ்சியைப் பருக்குவதா, விட்டுவிடுவதா? இவை தத்துவ விசாரங்கள் அல்ல. இரவு இரண்டு மணிக்கு விளக்கடியில் கூடிநிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்கும் கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு விடை காண்பதில் இருவகைத் தவறுகள் நேரலாம். பிழைக்கக்கூடிய ஒருவரை 'இனிப் பயனில்லை' என்று கைவிடுவது ஒன்று. போய்க்கொண்டிருக்கும் ஒருவரைப் போகவிடாது ஊசியாலும் குழாயாலும் வருத்துவது மற்றொன்று. முன்னது நம் பாட்டனார் காலத்தில் மிகுதியாக நிகழ்ந்தது. பின்னது நம் காலத்தில் மலிந்து வருகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காட்டுவன மரணம் அணுகுவதை உடல் தானே தெரிவிக்கும் குறிகள். அவற்றைச் சரிவரப் படிக்க மனிதன் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கின்றான். அம்முயற்சியின் கதை வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

நம்மவர் கண்ட குறிகள்

நோயாளியை எட்டு வகையாற் சோதித்தறிய வேண்டும் என்பது சித்த வைத்திய மரபு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவ்வெட்டு. மூத்திரத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பரவும் வகையை நோக்கும் நெய்க்குறியும் இதன்பாற்படும். இச்சோதனைகளின் நோக்கம் நோய் இன்னதென அறிதல் மட்டுமன்று. இது தீரும் நோயா, தீராத நோயா என்று துணிதலும் அதன் நோக்கமாகும். சாத்தியம், அசாத்தியம் என்னும் பாகுபாட்டை அறியாதவன் பரிகாரி எனப்படுதற்கு உரியனல்லன் என்று முன்னோர் கருதினர். யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களும் இம்மரபின் வழி வந்தனவே.

வடமொழியில் சரக சங்கிதையின் ஒரு பகுதி முழுவதும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. இந்திரியத்தானம் என்னும் அப்பகுதி பன்னிரண்டு அத்தியாயங்களைக் கொண்டது. மரணக் குறியை அந்நூல் 'அரிட்டம்' என்கின்றது. காய்க்கு முன் பூ வருவதுபோல மரணத்துக்கு முன் அரிட்டம் வரும் என்பது அதன் கொள்கை. அந்நூல் இவ்வளவில் நின்றுவிடவில்லை. அரிட்டம் அல்லாததை அரிட்டம் என்று மயங்குபவர் உண்டு. அது குறியின் குற்றமன்று, பார்ப்பவனின் அறியாமை என்று எச்சரிக்கையும் செய்கின்றது. அன்றியும், குறிகளைக் கண்டுகொண்ட வைத்தியன் கேளாதவிடத்து அதனை வெளியிடலாகாது. கேட்டவிடத்தும், சொல்வதால் நோயாளிக்கோ பிறர்க்கோ கேடு விளையுமாயின் சொல்லலாகாது என்று விதிக்கின்றது. இவ்விதியைப் பின்னர் ஆராய்வோம்.

வைத்திய நூல்களுக்கு வெளியேயும் இவ்வறிவு தமிழில் பரந்து கிடக்கின்றது. திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் ஆயுட் பரீட்சை என்றே ஒரு பகுதி உண்டு. ஞானசம்பந்தரின் திருவையாற்றுத் தேவாரத்தை ஓதியவர்கள், ஐம்புலனும் கலங்கி, அறிவழிந்து, கோழை மேலெழுந்து உந்தும் அந்த வேளையை நினைவு கூர்வார்கள். அஞ்சாதே என்று சொல்ல ஒருவன் வேண்டியிருக்கும் வேளையாக அதனை அவர் பாடினார். புலன் கலங்குதல், அறிவு மங்குதல், கபம் தொண்டையில் ஏறுதல் என்னும் இம்மூன்றும் இன்றைய வைத்திய நூல்களிலும் மரண காலத்தின் தலையாய குறிகளாகவே எழுதப்பட்டுள்ளன. நம் ஊர்ப் பெண்கள் 'சேடம் இழுக்கிறது' என்று ஒரே தொடரிற் சொல்லிவிடுவதும் இதனையேயாம்.

ஹிப்பொகிரட்டீஸ் வரைந்த முகம்

மேனாட்டு வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்பொகிரட்டீஸ் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கொஸ் என்னுந் தீவிற் பிறந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் முன்னறிதல் பற்றியது ஒன்று. நோயாளியிடம் சென்ற வைத்தியன் முதன்முதல் நோக்க வேண்டியது முகத்தை என்று அது கூறுகின்றது. அது நலமுள்ளவரின் முகம் போல, சிறப்பாக அந்நோயாளி நலமாயிருந்த காலத்து முகம் போல இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முற்றும் மாறான முகமே அஞ்சத்தக்கது. மூக்குக் கூர்மையடையும், கண்கள் குழிவிழும், நெற்றிப் பொருத்துகள் ஒடுங்கும், காதுகள் குளிர்ந்து சுருங்கி, சோணைகள் வெளியே திரும்பும், நெற்றித் தோல் வறண்டு இறுகும், நிறம் வெளிறியோ கறுத்தோ மாறும். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதனை 'ஹிப்பொகிரட்டீஸ் முகம்' என்றே படிக்கின்றனர்.

நோயாளியின் கைகளையும் அந்நூல் மறக்கவில்லை. கடுங்காய்ச்சலில் கிடப்பவர் முகத்துக்கு நேரே கைகளை அசைப்பதும், வெறும் வெளியில் எதையோ பிடிப்பதும், போர்வையில் நூலைப் பிய்ப்பதும், சுவரிலிருந்து துரும்பைக் கிள்ளுவதும் தீக்குறிகளாம். நோயாளர் அருகே இரவு விழித்திருந்த எவரும் இவற்றை ஒரு முறையேனும் கண்டிருப்பர்.

ஆயினும் இந்நூலின் பெருமை குறிகளை எண்ணிக் காட்டியதில் மட்டும் இல்லை. அம்முகத்தை வரைந்து முடித்தவுடன், உடனே தீர்ப்புச் சொல்லாதே என்கின்றது அது. நோயாளி பல இரவு உறக்கமின்றி இருந்தாரா, வயிற்றுப் போக்கால் வருந்தினாரா, பட்டினி கிடந்தாரா என்று கேள். இவற்றுள் ஒன்று காரணமாயின் ஆபத்துக் குறைவு. ஓரிரவும் பகலும் பொறுத்துப் பார் என்று கூறுகின்றது. ஒரே முகம் இருவேறு செய்திகளைத் தாங்கி வரக்கூடும். அது எந்த வழியால் வந்தது என்று கேட்டறிந்த பின்னரே அதன் பொருள் துணியப்படும். சரகரின் எச்சரிக்கையும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

நாடகத்தில் ஒரு மரணம்

இக்குறிகளை இலக்கியத்தில் மிக நுட்பமாகப் பதித்தவர் ஷேக்ஸ்பியர். 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் போல்ஸ்டாவ் என்னுங் கொழுத்த வீரனின் மரணம் மேடையில் நிகழ்வதில்லை. அவன் தங்கியிருந்த விடுதியின் தலைவி அதனைப் பிறர்க்குச் சொல்லக் கேட்கின்றோம். அவன் விரிப்பைத் தடவினான், பூக்களோடு விளையாடினான், விரல் நுனிகளைப் பார்த்துச் சிரித்தான், மூக்கு எழுதுகோல் போலக் கூர்ந்தது, பசும் புல்வெளியைப் பற்றி ஏதோ பிதற்றினான், பாதம் முதல் மேல்நோக்கிக் கல்லெனக் குளிர்ந்தான். ஹிப்பொகிரட்டீஸின் முகமும் கைகளும் ஒன்றுவிடாமல் இங்கே வந்துவிட்டன. அவள் எழுத்தறியாதவள், பேச்சிலே சொற்பிழை மலிந்தவள். எனினும் மூக்குக் கூர்ந்ததைக் கண்டவுடனேயே முடிவை உணர்ந்துகொண்டாள்.

அவள் சொல்வதில் இன்னொன்றும் உண்டு. போல்ஸ்டாவ் இறைவனை மும்முறை கூவி அழைக்கின்றான். அவளோ அவனைத் தேற்றுவதற்காக, இப்போதே இறைவனை நினைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடுகின்றாள். முடிவு நெருங்கியதை அவள் அறிவாள்; அவனும் உள்ளூர அறிவான். ஆனால் அவன் பேச விரும்பிய ஒன்றைப் பேசவிடாது அவள் அன்பு தடுத்துவிட்டது. நகைச்சுவைபோலத் தோன்றும் இவ்விடம் ஆழ்ந்து நினைப்பார்க்கு மிகத் துயரமானது.

மூச்சின் கணக்கு

குறிகளுள் வீட்டாரை மிகவும் கலங்கச் செய்வது மூச்சின் மாறுதல். 1818ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து வைத்தியர் ஜோன் செய்ன் ஒரு நோயாளியின் மூச்சைப் பற்றி எழுதினார். கால் நிமிட நேரம் மூச்சு முற்றும் நின்றுவிடும். பின்னர் மெல்லத் தொடங்கும். படிப்படியாக ஆழ்ந்து விரைந்து பெருமூச்சாகும். மறுபடியும் படிப்படியாக அடங்கி நின்றுவிடும். 1854ஆம் ஆண்டில் அதே நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்ரோக்ஸ் இருதய நோய் பற்றிய தமது நூலில் இதனை மீண்டும் விளக்கினார். இருவர் பெயராலும் அது இன்று செய்ன் ஸ்ரோக்ஸ் சுவாசம் எனப்படுகின்றது.

இதன் காரணம் வியப்புக்குரியது. நம் மூளையின் அடித்தண்டிலுள்ள சுவாச மையம் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவின் அளவைக் கொண்டே மூச்சைக் கூட்டியுங் குறைத்தும் நடத்துகின்றது. இருதயம் தளர்ந்து இரத்தவோட்டம் மெதுவாகும்போது அவ்வளவு பற்றிய செய்தி மையத்துக்குப் பிந்தி வந்து சேரும். வாயு கூடிவிட்டது என்ற செய்தி வந்ததும் மையம் மூச்சை வேகமாக ஏவும். போதுமான அளவு குறைந்த பின்னும் அச்செய்தி எட்டாமையால் வேகம் தொடரும். செய்தி எட்டியதும் மூச்சு நிற்கும். வாயு மீண்டும் கூடும் வரை அமைதி நிலவும். நின்ற மூச்சு மறுபடி எழும்போது அருகிருப்போர் 'போய்விட்டார்' என்று அழுது, 'இல்லை, இருக்கிறார்' என்று திகைப்பதன் காரணம் இதுவே. அவ்வேளையில் நோயாளி பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பதால், மூச்சுத் திணறலால் துன்புறுகின்றார் என்று நாம் வருந்துவது போல அவர் வருந்துவதில்லை.

ஆயினும் இக்குறியும் தனித்து நின்று சாட்சி சொல்லாது. இருதயத் தளர்ச்சியுள்ளோர் பலர் உறக்கத்தில் இவ்வாறு மூச்சு விட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கின்றனர். மிக உயர்ந்த மலைகளில் உறங்கும் நலமுள்ளோரிடத்தும் இது காணப்படும்.

பொய்த்த குறிகள்

குறியொன்று ஒரு தலைமுறையில் மரணத்தை உறுதிப்படுத்தி, அடுத்த தலைமுறையில் பொய்த்துப்போவதும் உண்டு. இதற்கு வாந்திபேதியே தக்க சான்று. அந்நோய் கண்ட சில மணி நேரத்தில் கண் குழிந்து, கன்னம் ஒட்டி, கைகால் குளிர்ந்து, நாடி மறைந்து, ஹிப்பொகிரட்டீஸ் வரைந்த முகம் அப்படியே வந்துவிடும். 1832ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து தேசத்து லீத் நகரில் தோமஸ் லற்றா என்னும் வைத்தியர், இறுதி நிலையிற் கிடந்த ஒரு மூதாட்டியின் நரம்பு வழியே உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குழிந்த கண்கள் நிரம்பின, முகம் தெளிந்தது, நாடி திரும்பியது. அவர் அகன்ற பின்னர் நோய் மீண்டுங் கண்டு அவள் மாண்டாள் என்பது மெய்யே. எனினும் அம்முகம் மரணத்தின் முகமன்று, நீரிழந்த உடம்பின் முகம் என்பது அன்று வெளிப்பட்டுவிட்டது.

வைத்திய உலகம் அதனை முற்றும் ஏற்க நூறாண்டுக்கு மேற் சென்றது. 1971ஆம் ஆண்டு வங்காள தேசப் போரின்போது இந்திய எல்லையிலுள்ள பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசி வழியே ஏற்றும் நீர் போதாமற் போகவே, டொக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த இறப்பு நான்குக்குக் கீழ் இறங்கியது. நம் நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரில் மருந்துக்கடைகளிற் கிடைக்கும் பொடி இவ்வகையைச் சேர்ந்ததே.

சலரோகத்தின் கதையும் இத்தகையது. 1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அடோல்ப் குஸ்மௌல், சலரோகத்தால் மயங்கிக் கிடப்போரிடத்து ஓயாது ஆழ்ந்து வாங்கும் ஒருவகைப் பெருமூச்சைக் கண்டு எழுதினார். அது தொடங்கின் முடிவு நிச்சயம் என்பது அக்காலத்து அனுபவம். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா தேசத்து ரொறன்ரோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பட்டது. அன்று தொட்டு அப்பெருமூச்சு மரணத்தின் அறிவிப்பாக இல்லாது, ஆஸ்பத்திரிக்கு விரைந்து செல்க என்னும் கட்டளையாக மாறிவிட்டது.

ஆதலால் திடீரென நோயுற்றவரிடத்தும், தீர்க்கக்கூடிய காரணம் உள்ளவரிடத்தும் இக்குறிகளைக் கண்டு கைகட்டி இருத்தல் பெரும்பிழை. நாட்பட்ட புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி, முற்றிய இருதய நோய் முதலியவற்றால் மாதக்கணக்கிற் படிப்படியாக ஒடுங்கி வந்த ஒருவரிடத்து இதே குறிகள் தோன்றும்போதுதான் அவை தம் பழைய பொருளைப் பெறுகின்றன.

இன்றைய ஆய்வு கூறுவது

அவ்வாறு ஒடுங்கி வருவோரிடத்துக் குறிகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் தோன்றுகின்றன. வாரங்களுக்கு முன்னரே உறக்கம் மிகும். உணவில் விருப்பம் குறையும். பேச்சும் பழக்கமும் சுருங்கி, நெருங்கிய ஓரிருவரோடு நின்றுவிடும். இறுதி நாட்களில் விழுங்குந் திறன் குன்றும், சலம் குறைந்து நிறம் கறுக்கும், கைகால் குளிரும், முழங்காலிலும் உள்ளங்காலிலும் வலை பின்னியது போன்ற ஊதாநிறத் திட்டுகள் தோன்றும். இருதயம் தன் எஞ்சிய வலியைக் கொண்டு உள்ளுறுப்புகளைக் காக்க முயல்வதால் இரத்தம் கைகால்களை விட்டு ஒதுங்குவதே இதற்குக் காரணம். சிலர் அமைதியிழந்து எழ முயல்வர். முன்னரே இறந்த தாய் தந்தையரோடு பேசுவர். பல நாள் மயங்கிக் கிடந்த சிலர் திடீரெனத் தெளிந்து, பெயர் சொல்லி அழைத்து, உணவும் கேட்பதுண்டு. அணையும் விளக்கு ஒருகணம் ஓங்கி எரியும் என்று நம்மவர் சொல்வது இதனையே. 2009ஆம் ஆண்டில் ஜெர்மனிய ஆய்வாளர் மிக்கயில் நாம் இதற்கு 'இறுதித் தெளிவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இத்தெளிவைக் கண்டு பிழைத்துவிட்டார் என்று மகிழ்ந்து ஊருக்குத் திரும்பிச் சென்றவர்கள் மறுநாளே அழைக்கப்பட்டதுண்டு. பேச வேண்டியதைப் பேசுவதற்குக் கிடைத்த வேளையாக அதனைக் கொள்வதே நன்று.

அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலும் பிரேசில் நாட்டின் பறேற்ரோஸ் நகரிலுமுள்ள இரு புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் முற்றிய நோயாளர் 357 பேரை நாளுக்கு இருமுறை உற்றுநோக்கி, டேவிட் ஹுய் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2014, 2015ஆம் ஆண்டுகளில் தம் முடிபுகளை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி மறைதல், மூச்சு வாங்கும்போது தாடை மட்டும் அசைதல், சலம் மிகக் குறைதல், செய்ன் ஸ்ரோக்ஸ் சுவாசம், தொண்டையில் சேடம் இழுத்தல், கண்மணி ஒளிக்கு அசையாதிருத்தல், இமை முற்றும் மூடாமை, மூக்கருகிலிருந்து வாய்வரை செல்லும் மடிப்புத் தளர்தல், கழுத்துப் பின்சாய்தல் என்பன காணப்படின், மூன்று நாளுக்குள் முடிவு நேர்வது பெரும்பாலும் உறுதி என்று அவர்கள் கண்டனர். நாடி, விழி, முகம், மூச்சு என்று நம் பரிகாரிகளும் கிரேக்க வைத்தியரும் தேடிய இடங்களிலேயே இன்றைய ஆய்வாளரும் தேடிக் கண்டிருக்கின்றனர். ஆனால் இக்குறிகள் எல்லோரிடத்தும் தோன்றுவதில்லை என்பதையும் அவர்கள் உடன் எழுதினர். குறி தோன்றின் முடிவு அண்மையது எனலாம். தோன்றாமையால் முடிவு தொலைவில் என்று கொள்ளலாகாது.

குறிகளைக் கற்றவரும் தவறுவர் என்பதற்கு வேறோர் ஆய்வு உண்டு. 2000ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து நிக்கலஸ் கிறிஸ்ராக்கிசும் அவர் துணைவரும், தீரா நோயாளர் 468 பேர் இன்னும் எத்தனை நாள் வாழ்வர் என்று 343 வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வைத்தனர். நூற்றுக்கு இருபது கணிப்புகளே சரியாக இருந்தன. அறுபத்து மூன்று கணிப்புகள் உள்ளதிலும் மிகுந்த நாளைக் கூறின. நோயாளியோடு நெடுநாட் பழகிய வைத்தியரே மேலும் தவறினர் என்பது சிந்திக்கத்தக்கது. அன்பு கண்ணை மறைக்கின்றது. வைத்தியருக்கே இவ்வாறாயின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

அறிந்தபின் செய்வது

அறிவு செயலாக மாறாவிடிற் பயனில்லை. முதலாவது, உணவு. 'சாப்பிடாததால் சாகிறார்' என்று வீட்டார் கலங்குகின்றனர். பெரும்பாலும் உண்மை மறுதலையானது. உடல் ஒடுங்கி வருவதால் உணவை வேண்டாது விடுகின்றது. விழுங்க மாட்டாதவர் வாயில் ஊற்றும் கஞ்சியும் பாலும் இரைப்பைக்குச் செல்லாது மூச்சுக்குழலில் இறங்கி அவரைத் திணறச் செய்யும். நம்மவரிடையே உற்றார் ஒவ்வொருவராக வந்து பால் பருக்கும் வழக்கம் உண்டு. அது அன்பின் கடைசிக் கடன். அதனை விடுக என்று யாம் கூறவில்லை. கரண்டியால் ஊற்றுதலைத் தவிர்த்து, தலையைச் சற்று உயர்த்தி, பாலில் நனைத்த பஞ்சினால் உதட்டைத் தொட்டு ஈரமாக்கினால் கடனும் நிறைவேறும், துன்பமும் நேராது. கலிமாச் சொல்லி நீரால் நாவை நனைக்கும் இஸ்லாமிய இல்லங்களுக்கும், செபஞ் சொல்லி நிற்கும் கிறிஸ்தவ இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, சேடம். விழுங்கவும் இருமவும் வலியற்ற தொண்டையில் எச்சில் தேங்கி, மூச்சுக் காற்றோடு சேர்ந்து எழுப்பும் ஒலியே அது. கேட்போர் நெஞ்சைப் பிளக்கும் அவ்வொலியை, மயங்கிய நோயாளி உணர்வதில்லை என்பதே வைத்தியர் கருத்து. ஒருபக்கமாகத் திருப்பிக் கிடத்தினால் ஒலி பெரும்பாலும் தணியும். இந்நிலையில் ஊசி வழியே நீரை மிகுதியாக ஏற்றுவது சேடத்தையும் வீக்கத்தையும் கூட்டக்கூடும்.

மூன்றாவது, வலி. தாதியாகவும் பின்னர் வைத்தியராகவும் பணிபுரிந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967ஆம் ஆண்டில் லண்டனில் புனித கிறிஸ்ரோபர் இல்லத்தைத் தொடங்கினார். மோர்பீனை வலி மூண்ட பின் கொடாது, வலி மீளுமுன் அளவறிந்து நேரந்தவறாது கொடுக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1993ஆம் ஆண்டில் கேரளத்துக் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம் இப்பணியை ஊர்மக்கள் கையிலே கொடுத்து வீடு தேடிச் செல்லச் செய்தது. வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் மோர்பீன் உயிரைக் குறைக்கும் என்ற அச்சத்தால் வலியில் வாட விடுதல் அறமாகாது.

நான்காவது, செவி. 2020ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், அழைத்தால் அசையாத நிலையிலிருந்த அந்திம நோயாளர் சிலரின் மூளையலைகளைப் பதிந்து பார்த்தபோது, ஒலி மாறுந்தோறும் அவர்களது மூளையும் நலமுள்ளோரின் மூளை போலவே மாறுதல் காட்டக் கண்டனர். கேட்டதன் பொருளை உணர்ந்தனரா என்று அவ்வாய்வாற் கூற முடியாது. எனினும் காதருகே சிவபுராணம் ஓதிய நம் முன்னோர் வீண்செயல் செய்தாரல்லர். கட்டிலைச் சுற்றி நின்று காணிப் பங்கீட்டையும் செலவுக் கணக்கையும் உரத்துப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

சொல்வதா, மறைப்பதா?

இனி, நாம் முன்னர் நிறுத்திவைத்த வினாவுக்கு வருவோம். சரகர் கேளாதவிடத்துச் சொல்லற்க என்றார். ருஷ்ய அறிஞர் தோல்ஸ்தோய் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் கதையிலோ, நோயாளியை நோயினும் மிகுதியாக வருத்துவது பொய். அவன் சாகின்றான் என்பதை எல்லோரும் அறிவர், அவனும் அறிவான். ஆயினும் சாதாரண நோய்தான், குணமாகிவிடும் என்று மனைவியும் வைத்தியரும் நடிக்கின்றனர். கெராசிம் என்னும் குடியானவப் பணியாளன் ஒருவனே நடிக்காது, அவன் கால்களைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு இரவு முழுவதும் இருக்கின்றான். அவனருகேதான் நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கின்றது.

சரகரும் தோல்ஸ்தோயும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் இருவரும் ஒன்றையே காக்கின்றனர். கேளாதவன்மேல் உண்மையை எறிதல் கொடுமை. கேட்பவனுக்குப் பொய்யை உண்பித்தலும் கொடுமை. 'எனக்கு இனிச் சுகம் வருமோ?' என்று ஒருவர் கேட்கும்போது, 'அப்படி எல்லாம் பேசாதேங்கோ' என்று வாயை அடைப்பது நம் வீடுகளில் வழக்கம். போல்ஸ்டாவின் விடுதித் தலைவி செய்ததும் அதுவே. அதற்குப் பதிலாக, 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டு அருகில் இருந்துவிட்டால் அவரே சொல்லிவிடுவார். பிணக்குற்ற தம்பியைப் பார்க்க வேண்டும் என்பார். கொடுக்க வேண்டிய கடனைக் குறிப்பிடுவார். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்பார். அந்திமக் குறிகளை அறிவதன் முதற் பயன் இந்தப் பேச்சு காலந்தாழ்த்தாது நிகழ்வதேயாகும்.

இதனைத் தமிழிலே தெளிவாகப் பேசும் ஆற்றல் நமக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்று வெளிவந்த வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவ்வளவு முன்னரே உடம்பைப் பற்றித் தமிழிற் பேசக் கற்ற ஒரு சமூகம், ஆஸ்பத்திரி வாசலிலே வைத்தியர் சொல்லும் அந்நியச் சொற்களை விளங்காது தலையசைத்துத் திரும்புவது தகுமோ? வைத்தியர்கள் நாடி, மூச்சு, சேடம் என்னும் நம் வீட்டுச் சொற்களாலேயே நிலைமையை எடுத்துரைக்கலாம். ஆசிரியர்கள் உயர்வகுப்பு மாணவருக்குச் சுவாசத்தையும் இரத்தவோட்டத்தையும் கற்பிக்குமிடத்து, அவை எவ்வாறு ஓய்கின்றன என்பதையும் அச்சமின்றிக் கற்பிக்கலாம். அம்மாணவருள் ஒருவர்தாம் நாளை பேத்தியாகவோ மகனாகவோ இரவு முழுதும் விழித்திருந்து, பாட்டியின் பாதங் குளிர்ந்ததைத் தொட்டறிந்து, மற்றவர்களை எழுப்பப் போகின்றவர்.